தலைமை ஆசிரியரின் முகம் பார்த்து நடக்கும் பள்ளிகள்

"ஐயா இன்று எப்படி இருக்கிறார்?" காலை மணி அடிப்பதற்கு முன் அலுவலக உதவியாளரிடம் ஆசிரியர்கள் மெல்லக் கேட்கும் கேள்வி இது. முந்தைய நாள் மாவட்ட மீளாய்வுக் கூட்டம் நடந்திருந்தால் கேட்கவே தேவையில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்ததற்காக அங்கே எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தப்பட்டவர், இங்கே பத்தாம் வகுப்பு ஆசிரியரை நிற்கவைத்துக் கேட்பார். அந்த ஆசிரியர் வகுப்புக்குப் போய் ஒரு மாணவனை நிற்கவைப்பார். எங்கோ கிளம்பிய கோபம், அதற்குச் சற்றும் தொடர்பில்லாத பிள்ளையின் தலையில் வந்து விடியும்.

அரசுப் பள்ளி ஆசிரியராக நான் உறுதியாக நம்புவது இதைத்தான்: மேலிருந்து இறங்கும் அச்சத்தைத் தடுத்து நிறுத்தும் வலிமை தலைமை ஆசிரியரின் நாற்காலிக்கு உண்டு. ஆனால் அதில் அமர்ந்திருப்பவருக்குத் தன் கோபம் எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

தலைமை ஆசிரியர்கள் மீது எனக்குப் பரிவு உண்டு. பல்லாண்டுகள் கணக்கோ தமிழோ நடத்தியவர், பணிமூப்பில் பதவி உயர்வு பெற்ற மறுநாளே எமிஸ் எனும் மாணவர் விவர இணையதளப் பதிவு, சத்துணவு, கழிப்பறைத் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பாகிறார். மனிதர்களை எப்படி நடத்துவது, தன் மனத்தை எப்படிக் கவனிப்பது என்பதற்கு அவருக்குக் கிடைக்கும் பயிற்சி மிகக் குறைவு. பதவி உயர உயர, முகத்துக்கு நேரே உண்மை சொல்பவர்களும் குறைந்துவிடுகிறார்கள்.

ஆகவே உண்மை வந்து சேரும் வழியை அவரேதான் திறந்துவைக்க வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் பணியில் இளையவரை முதலில் பேசவிட்டு, தான் கடைசியாகப் பேசலாம். மெமோ கொடுப்பதற்கு முன் தனியே அழைத்துக் காரணம் கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அந்தத் தாய்மார்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்புவது எவ்வளவு பெரிய இழப்பு! பிள்ளை எதற்காகப் பள்ளிக்கு வர அஞ்சுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பாராட்டும் அப்படித்தான். "எல்லாரும் நன்றாக உழைக்கிறீர்கள்" என்பது யார் மனத்திலும் தங்காது. வராமல் நின்றுபோன மாணவியின் வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்துவந்த ஆசிரியையிடம், அந்தச் செயலைக் குறிப்பிட்டு நன்றி சொன்னால் அது தங்கும்.

பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-இல் தமிழக அரசு நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனாலும் நூறு விழுக்காடு என்ற மோகம் போகவில்லை. ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையின் பெற்றோரை அழைத்து, "வேறு பள்ளியில் சேர்த்துப் பாருங்களேன்" என்று சொல்ல வாயெடுக்கும் தலைமை ஆசிரியர், அந்த நொடியில் தான் காப்பாற்ற நினைப்பது பிள்ளையையா, தன் பெயரையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தப் பயிற்சி வகுப்பையும்விட இந்தக் கேள்வி முக்கியம் என்பேன்.

தலைமை ஆசிரியர்களை மட்டும் திருத்தினால் போதாது. மீளாய்வு நடத்தும் அலுவலர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் படித்தவர்களில் எத்தனை பேர் இன்று அதே பள்ளியின் பத்தாம் வகுப்பில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இல்லாதவர்கள் எங்கே போனார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கணக்கை எமிஸிலேயே பார்த்துக்கொள்ளலாம்.