அந்தப் பிள்ளையின் காதை யாரும் பிடித்துத் திருகவில்லை

அந்தக் காணொளியை நான் திரும்பப் பகிரப் போவதில்லை. நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், பலர் கீழே எழுதியும் விட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கத்தோலிக்கப் பிள்ளையிடம் மைக்கை நீட்டி "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு என்ன தங்கச்சி?" என்று கேட்டார்கள். "பெரிய வெள்ளிக்கு முதல் கோயிலில பாடுற வியாகுலப் பிரசங்கம். பிறகு, பள்ளிக்கூடத்தில கேட்ட 'மாசில் வீணையும்'. படப்பாட்டு அவ்வளவாக் கேக்கிறேல்லை" என்றாள். அவ்வளவுதான். படப்பாட்டுக் கேட்பவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதற்குத்தான் இரண்டு நாளாக "மூளைச்சலவை", "கிழவி", "பாவம், இளமையை அனுபவிக்கத் தெரியாத பிள்ளை".

பாவம் என்று எழுதியவர்கள்தான் என்னை அதிகம் நோகடித்தார்கள். திட்டுகிறவனுக்குப் பதில் சொல்லலாம். இரக்கப்படுகிறவருக்கு என்னத்தைச் சொல்வது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளையின் ரசனை அந்தப் பிள்ளையுடையது. வீட்டில் இருந்து, கோயிலில் இருந்து வந்தது என்பதால் அது இரவல் ஆகிவிடாது. உங்கள் ரசனை மட்டும் எங்கே இருந்து வந்தது? பருத்தித்துறை பஸ்ஸில் சாரதி போட்ட பாட்டில் இருந்து, அண்ணன்மார் ஓடவிட்ட கசெற்றில் இருந்து, இப்போது போன் அடுத்தடுத்து எடுத்துத் தருவதில் இருந்து. 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனைக் கேட்கத் திரண்ட சனத்தைப் பார்த்து "உங்களை ஆர் இப்பிடிப் பழக்கினது?" என்று யாராவது கேட்டோமா? கேட்க வேண்டியதும் இல்லை. பிறகு ஏன் இவளிடம் மட்டும் கேட்கிறோம்?

அவள் சொன்ன இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வியாகுலப் பிரசங்கம் எழுதிய ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 1742இல் இறந்தவர். கோவாவில் இருந்து இங்கே வந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய காலத்தில் எழுதிய ஆள். அதில் இருப்பது இயேசுவின் பாடுகளும் மகனைப் பறிகொடுத்த தாயின் துயரமும். 'மாசில் வீணையும்' அப்பர் பாடியது, சுண்ணாம்பு நீற்றறைக்குள் அடைபட்டிருந்தபோது. பெரியபுராணம் அப்படித்தான் சொல்கிறது. வெந்துகொண்டிருக்கிற இடத்தில் இருந்து வீணையையும் மாலை நிலவையும் வீசு தென்றலையும் பாடுகிறார். ஒன்று மாதா கோயிலில் கேட்டது, மற்றது பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையில் கேட்டது. இரண்டுமே துன்பத்துக்குள் நின்று பாடிய பாட்டு. ஒரு இருபது வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் தன் காதாலேயே தேடிச் சேர்த்திருக்கிறாள். இதற்குப் பெயர் ரசனை இல்லை என்றால் வேறு எதற்குப் பெயர் ரசனை?

நம்பிக்கை காதுக்கு என்ன செய்கிறது என்பது எனக்குத் தெரியும். நான் இணுவில் பக்கம் வளர்ந்தவன். எங்கள் ஊரில் தவிலும் நாதஸ்வரமும் கேட்காமல் ஒரு பிள்ளை வளர முடியாது. திருவிழா இரவுகளில் அம்மாவின் மடியில் பாதித் தூக்கத்தில் தனியாவர்த்தனம் கேட்டிருக்கிறேன். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைக் கேட்டவர்கள் அந்த வீதியில் அப்போதும் அவரைப் பற்றியே கதைத்துக்கொண்டு இருப்பார்கள், அவர் போய் எத்தனையோ வருடத்துக்குப் பிறகும். 'தோடுடைய செவியன்' காலைதோறும் கேட்ட பிள்ளைக்கு கம்பீரநாட்டை ராகம் எதுவென்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பண் நட்டபாடை என்பதெல்லாம் பிறகு படிக்கிறது. சாமி கும்பிடப் போனவன் காதில் அது முன்னமே போய் இருந்துவிடும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து எழும்பி நடந்தபோது நான் சின்னப் பெடியன். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தோம். பக்கத்தில் கரையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நடுவில் ஒரு சேலைதான் மறைப்பு. பொருளாதாரத் தடையில் பற்றரி கிடையாது. அண்ணன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிப் பாட்டுப் போடுவான், கை சோர்ந்தால் பாடகரின் குரலும் இழுபடும். அதையும் ஆசையாகத்தான் கேட்டேன். ஆனால் மாசி, பங்குனி அளவில், தவக்காலத்தில், சேலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆச்சி இரவில் வியாகுலம் பாடத் தொடங்கினா. அவவுடைய மகன் ஒருத்தன் இல்லை. மாதாவுக்குப் பாடுகிறாவா, மகனுக்குப் பாடுகிறாவா என்று பிரிக்க முடியாது. எங்கள் அம்மா தேவாரம் படித்து முடித்துவிட்டு விளக்கை அணைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு இருப்பா. ஒரு நாள் அம்மா மெல்லச் சொன்னா, "கேள் தம்பி, அவ பாடேல்லை, கேக்கிறா."

இன்றைக்கு வரைக்கும் சோகப்பாட்டு என்று யார் எதைப் போட்டாலும் எனக்கு அந்தக் குரல்தான் அளவுகோல். படத்தில் வந்தாலும் சரி, கச்சேரியில் வந்தாலும் சரி. சைவக்காரனான எனக்கு அதைத் தந்தது ஒரு கத்தோலிக்க ஆச்சியின் நம்பிக்கை. அதனால்தான் "மூளைச்சலவை" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு உடம்பு பற்றி எரிந்தது.

"நம்பிக்கை ரசனையைக் குறுக்கிவிடும், இளையராஜாவையே தெரியாமல் போகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இளையராஜாவைக் கேட்காமல் யாரும் வளர முடியாது ஐயா. அவளும் கேட்டிருப்பாள். கேட்டும் இதைத் தெரிந்தெடுத்தாள். அது அவளுடைய உரிமை.

"சில சபைகளில் பெடியளின் போனில் உள்ள பாட்டெல்லாம் அழிக்க வைக்கிறார்களே" என்று இன்னொருவர். உண்மை, அப்படி நடக்கிறது. அது பிழை, அதைக் கண்டித்துத் தனியாக எழுதுங்கள், நானும் வந்து கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தேவாரம் பிடிக்கும் என்று சொன்ன ஒரு கத்தோலிக்கப் பிள்ளையின் தலையில் அந்தக் குற்றத்தைச் சுமத்த உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

மற்றப் பக்கத்து ஆட்களையும் விட முடியாது. "வேதக்காரப் பிள்ளைக்குத் தேவாரம் என்னத்துக்கு?" என்று எங்கள் சைவ ஆட்களும், "அது எங்கட பாட்டில்லையே மகள்" என்று அவளுடைய ஆட்களும் எழுதியிருக்கிறார்கள். காணிக்கு எழுதுகிற மாதிரிப் பாட்டுக்கும் உறுதி எழுதி வைத்திருக்கிறீர்களா? தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனை எழுதினார். எங்கள் இணுவில் வீரமணி ஐயர் மயிலாப்பூர்க் கற்பகாம்பாளுக்கு எழுதியதை ரி.எம்.சௌந்தரராஜன் பாட உலகமே கேட்டது. 1965இல் மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தில் எத்தனை சைவப் பிள்ளைகள் ஆடியும் பாடியும் வளர்ந்தார்கள் என்று யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேலியை நீங்கள்தான் இப்போது போடுகிறீர்கள்.

இன்னொன்று. "எங்கட இளம் ஆக்கள் கெட்டுப் போச்சுது, வாள், போதை, ரிக்ரொக்" என்று கிழமைக்கு ஒருதரம் எழுதுகிறவர்களில் பலர்தான் இந்தப் பிள்ளையையும் கிழவி என்றார்கள். சத்தமாக இருந்தாலும் பிழை, அமைதியாக இருந்தாலும் பிழை. அப்ப அவள் எப்படித்தான் இருக்க வேண்டும்? கனடாவில் இருந்து "ஊர்ப் பிள்ளையள் இன்னும் பின்தங்கித்தான் இருக்கினம்" என்று எழுதிய அண்ணை, உங்கள் பிள்ளைக்கு அங்கே வருடம் முழுக்கக் காசு கட்டித் தேவாரமும் மிருதங்கமும் பழக்கி மேடையேற்றுகிறீர்கள். படம் போட்டபோது நானும் வாழ்த்தினேன், மனதார. அங்கே அது பண்பாடு, இங்கே அது பின்தங்கலா?

"நீங்களும் அவையின்ரை ஆக்களோ?" என்று கேட்டு உள்பெட்டிக்கு வந்தவர்களுக்கு: நான் சைவன், நாளைக்கும் நல்லூருக்குப் போவேன். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது. அவளைக் கிழவி என்று எழுதியவர்கள் அதை அழித்துவிட்டு வந்தால் கதைக்கலாம். அழிக்க மாட்டேன் என்றால் என் நட்பு வட்டத்தில் இருந்து நீங்களே போய்விடுங்கள்.