சலுகை வேண்டாம், சார்ட் வாங்கக் காசு கொடுங்கள்

போன வாரம் கைப்பையைக் கொட்டிச் சுத்தம் பண்ணும்போது ஜூன் மாதத்து ஸ்டேஷனரி கடை பில் ஒன்று கிடைத்தது. எழுத்தெல்லாம் மங்கிப்போய், அடியில் 1,140 மட்டும் தெரிந்தது. ஆறு சார்ட், ரெண்டு பாக்கெட் ஸ்கெட்ச் பேனா, ஃபெவிகால், ஒரு டஜன் பென்சில், நாற்பது அட்டைக்கு லேமினேஷன். அதற்கப்புறம் வாங்கியதற்குப் பில்லும் இல்லை, கணக்கும் இல்லை.

எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. அமெரிக்காவில் இருப்பதுபோல, வகுப்புக்குச் சொந்தக் காசில் வாங்கும் பொருளுக்கு நமக்கும் வருமான வரியில் கழிவு வேண்டும் என்று. ஆதங்கம் நியாயம்தான். ஆனால் கேட்க வேண்டியது அது இல்லை என்பது என் கருத்து.

அமெரிக்கக் கழிவு 2002-இல் 250 டாலரில் தொடங்கி, இருபது வருஷம் கழித்து 300 ஆனது. 300 டாலர் கையில் வராது. அந்தத் தொகைக்கு வரி போடமாட்டார்கள், அவ்வளவுதான். 12 சதவீத வரி அடுக்கில் இருக்கும் இளம் டீச்சருக்கு மிச்சம் 36 டாலர்.

நம் ஊருக்கு வருவோம். வருமான வரியின் பழைய முறையில் 20 சதவீதம் கட்டுகிறவருக்கு 3,000 ரூபாய் கழிவு கிடைத்தால், வரிமேல் போடும் செஸ்ஸோடு சேர்த்து மிச்சம் 624 ரூபாய். புதிய முறையில் 2025-26 முதல் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே கிடையாது. வரியே இல்லாதவருக்கு எதில் கழிப்பது? தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் பகுதிநேர ஆசிரியர், தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வகுப்பெடுக்கும் தங்கச்சிகள் — இவர்களும் சார்ட் வாங்குகிறார்கள். இவர்களுக்கு ஒரு பைசா வராது. கனடாவில் இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்: 1,000 டாலர் வரையிலான செலவில் 25 சதவீதம், வரி கட்ட வேண்டியில்லாதவருக்கும் கையில் திரும்ப வருகிறது.

"அரசாங்கச் சம்பளம் வாங்குறீங்க, செலவு பண்ணினா என்ன?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். பண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள் ஒரே அறையில். அட்டையைக் கையில் கொடுத்தால்தான் படிப்பு நகரும். கொடுத்தால் கசங்கும், கிழியும், ஓரம் மென்று வைத்திருப்பார்கள். போன மாதம் ஒரு பையன் 'ழ' அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். மறுநாள் கேட்டால், "அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன் டீச்சர்" என்கிறான். அந்த அட்டையைத் திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. வேறொன்று எழுதிக்கொண்டேன்.

பள்ளி மானியம் இருக்கிறதே என்பார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி (சமக்ர சிக்ஷா) திட்ட விதிப்படி 30 பிள்ளைகளுக்குள் உள்ள பள்ளிக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு. மிச்சத்தில் கரண்ட் பில், தண்ணீர், சின்னச் சின்ன ரிப்பேர், விளையாட்டுப் பொருள், அதற்குப் பிறகு கற்பித்தல் உபகரணம். 2024-25-இல் மத்திய அரசு இதே திட்டத்தில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடியை நிறுத்தி வைத்ததையும் பார்த்தோம். மேலே எந்தச் சண்டை நடந்தாலும் திங்கட்கிழமை காலை பிள்ளை வந்து உட்கார்ந்துவிடுகிறது. பென்சில் இல்லாமல் வருகிறது. அன்றைக்கே வேண்டும்.

முன்பு அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் ஆசிரியர் ஒருவருக்கு வருஷம் 500 ரூபாய், உபகரணம் செய்வதற்கென்றே தனியாகக் கொடுத்தார்கள். தொகை சின்னதுதான். ஆனால் இது உன் வகுப்புக்கு, நீயே முடிவு பண்ணு என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள், இன்றைய விலைக்கு 3,000 ஆக்கி. தொகுப்பூதியக்காரருக்கும் அதே தொகை. ஜனவரியில் வந்து மார்ச்சுக்குள் செலவழித்துக் கணக்குக் காட்டு என்றில்லாமல், பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் கணக்கில் போடுங்கள். சங்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கோரிக்கை மனுவில் வரிக்கழிவை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.