எச்7 ரீமர் துளை: ஒரு சின்னத் திருத்தம்

அண்ணாச்சி, ‘நல்ல கம்பெனி ரீமரில் 20 எச்7 என்று பொறித்திருந்தால் துளை அச்சாக 20.000 மி.மீ. வரும்’ என்று மேலே போட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ரீமர் என்பது போட்ட துளையைச் சரியான அளவுக்கு வழித்தெடுக்கும் வெட்டுக் கருவி. எச்7 என்பது துளை எவ்வளவு கூடலாம் என்று சொல்லும் ஒரு வரம்பு. 20 மி.மீ. துளை 20.000 முதல் 20.021 வரை இருக்கலாம். தேய்மானத்துக்கு இடம் விட்டு, ரீமரையே 20-ஐ விடக் கொஞ்சம் பெரிதாகத்தான் தீட்டுவார்கள், யார் செய்தாலும்.

பேட்டையில் எந்த லேத் பட்டறையிலும் இதைப் பார்த்துவிடலாம். புது ரீமரின் எதிரெதிர் வெட்டு விளிம்புகளில் மைக்ரோமீட்டரை வையுங்கள், 20.01 பக்கம் காட்டும். அப்புறம் துளைக்குள் பிளக் கேஜ், அதாவது துளையின் அளவைச் சோதிக்கும் இரு முனை உருளை. கோ முனை (வரம்பின் சிறிய அளவு) இறங்கணும், நோ-கோ முனை (பெரிய அளவு) வாயிலேயே நிற்கணும். முதலில் துளையை நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெட்டிய உலோகத்தின் ஒரு பொடிச் சுருள் ஒட்டியிருந்தாலும் கேஜ் பொய் சொல்லும்.