உருக்கம் என்றால் மட்டமா?

ரஷ்ய இசையமைப்பாளர்களில் யார் உசத்தி என்று யாராவது கேட்டால், ரொம்ப காலமாக நான் யோசிக்காமல் சொல்லிவந்த பதில் ஷோஸ்டகோவிச். சாய்கோவ்ஸ்கி பெயரை எடுத்தால் லேசாகச் சிரிப்பேன். ‘நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சர்க்கரை ஜாஸ்தி’ என்பேன். இந்த வசனத்தை எங்கே பிடித்தேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. என் காது சொன்னதில்லை அது. விஷயம் தெரிந்த யாரோ சொன்னதை, நானும் விஷயம் தெரிந்தவன்போல ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

மனசு மாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். யூட்யூபில் சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி, நோட்ஸ் திரையில் ஓடுகிற மாதிரி வீடியோ. எனக்கு மேற்கத்திய நோட்ஸ் சரளமாக வராது, எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான். கடைசிப் பகுதி ஆரம்பிக்கிறது. காதில் விழுவது, படியிறங்குவதுபோல ஒவ்வொரு ஸ்வரமாகக் கீழே வருகிற ஒரு மெட்டு. சரி, முதல் வயலின் வரியைப் பார்ப்போம் என்று தேடினால் அந்த மெட்டு அங்கே இல்லை. மேலும் கீழுமாகத் தாவுகிற வேறு ஏதோ எழுதியிருக்கிறது. இரண்டாவது வயலின் வரியில்? அங்கேயும் இல்லை. வீடியோதான் தப்பு என்று பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. மெட்டின் ஒரு ஸ்வரம் முதல் வயலினில், அடுத்தது இரண்டாவது வயலினில், அதற்கடுத்தது மறுபடி முதலில். நாம் கேட்கிற அந்த மெட்டை மேடையில் ஒருத்தரும் வாசிக்கவில்லை. நம் காதுக்கு வந்த பிறகுதான் அது சேருகிறது.

அந்தக் காலத்து ஆர்கெஸ்ட்ராக்களில் இரண்டு வயலின் கூட்டமும் மேடையின் இரு பக்கமும் எதிரெதிரே உட்காருவது வழக்கம். அதாவது அந்த அழுகை இடதும் வலதுமாக ஆடி ஆடி வரும். பிற்பாடு அதே மெட்டு திரும்பும்போது முதல் வயலின்காரர்களே அதை முழுசாக வாசிக்கிறார்கள். ஏன் அப்படி என்று எனக்கு விளக்கத் தெரியாது, கேட்டால் வயிற்றில் ஏதோ செய்கிறது. இதையா நான் சர்க்கரை என்று சொல்லித் திரிந்தேன்?

அதே சிம்பொனியின் இரண்டாவது பகுதி ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிற வால்ட்ஸ். வால்ட்ஸ் நடனம் என்றாலே மூன்று எண்ணிக்கைதான். ஐந்தில் ஓடுவதால் மேற்கே இதை நொண்டி வால்ட்ஸ் என்பார்கள். நமக்கு எங்கே நொண்டுகிறது? தக தகிட, தக தகிட என்று தொடையில் தட்டிப் பாருங்கள், கண்ட சாபு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அடுத்து வருகிற மூன்றாவது பகுதி ஒரு அணிவகுப்பு. அது முடிகிற ஆர்ப்பாட்டத்தில் கச்சேரியே முடிந்துவிட்டது என்று இன்றைக்கும் பல அரங்குகளில் ஜனங்கள் கைதட்டிவிடுகிறார்கள். பக்கத்துச் சீட்டு ரசிகமணிகள் அவர்களைத் திரும்பி முறைப்பார்கள். எனக்கு இப்போதெல்லாம் கைதட்டுகிறவர்கள் பக்கம்தான் மனசு. அந்தக் கைதட்டல் ஓய்ந்ததும் மேலே சொன்ன அழுகை தொடங்கி, கடைசியில் அடிக்குரல் தந்தி வாத்தியங்களான செல்லோவும் டபுள் பேஸும் மட்டும் மிஞ்சி, மூச்சு அடங்குகிற மாதிரி அடங்கிவிடும். 1893 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க்கில் இதன் முதல் நிகழ்ச்சியை அவரேதான் நடத்தினார். ஒன்பது நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சாவைச் சுற்றிக் கட்டிய கதைகள் ஏராளம், அதற்குள் நான் போகவில்லை.

சாய்கோவ்ஸ்கியை மட்டம் தட்டுவது பழைய வியாதி. அவருடைய வயலின் கான்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியம் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கிற படைப்பு) 1881இல் வியன்னாவில் முதல்முதலாக மேடையேறியபோது ஹான்ஸ்லிக் என்ற பெரிய விமர்சகர், காதுக்கு நாறுகிற இசையும் உண்டு போலிருக்கிறது என்கிற ரீதியில் எழுதினார். இன்றைக்கு அதை வாசிக்காத பெரிய வயலின்காரரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இன்னொரு ரஷ்யரான ரக்மானினாஃபுக்கு விழுந்த அடி இன்னும் மோசம். முதல் சிம்பொனி 1897இல் படுதோல்வி. நரகத்தில் ஓர் இசைக்கல்லூரி இருந்தால் அங்கே உள்ளவர்கள் இதைக் கேட்டு மகிழ்வார்கள் என்று எழுதினார் கூய், அவரும் ஓர் இசையமைப்பாளர்தான். ரக்மானினாஃப் ஏறக்குறைய மூன்று வருடம் எழுத முடியாமல் முடங்கிப்போனார். நிக்கொலாய் டால் என்ற டாக்டரிடம் சிகிச்சை. அதற்கப்புறம் வந்ததுதான் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ, 1901. காணிக்கை அந்த டாக்டருக்கே. அதன் ஆரம்பத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பியானோ தனியாக, கோயில் மணி அடிப்பதுபோல ஒவ்வொரு கார்டாக, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே அடியாக, அடிக்கிறது. முதலில் தூரத்தில், போகப்போகக் கிட்டத்தில். கை அவருக்கு அநியாயத்துக்குப் பெரிசு. சாதாரணக் கைக்காரர்கள் அந்த கார்டுகளை ஒரே அடியில் பிடிக்க முடியாமல் உடைத்து உருட்டி வாசிப்பதுண்டு. அப்புறம் ஆர்கெஸ்ட்ரா மெட்டை எடுத்துக்கொள்கிறது. பியானோ என்ன செய்கிறது? பின்னால் நின்று பக்கவாத்தியம் வாசிக்கிறது! தன்னுடைய கச்சேரியில், தான் வாசிக்கப்போகிற மேடையில், முதல் மெட்டை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிற மனுஷரைப் போய் ஆடம்பரக்காரர் என்கிறார்கள்.

குரோவ் என்ற புகழ்பெற்ற ஆங்கில இசை அகராதியின் 1954 பதிப்பில், இவர் வாழ்நாளில் பெற்ற பெரும் வெற்றி நீடிக்கப்போவதில்லை என்றே அச்சடித்துவிட்டார்கள். எழுபது வருடம் ஆயிற்று. எது நீடித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஷோஸ்டகோவிச்சைக் கைவிட்டுவிட்டேனா? அதெல்லாம் இல்லை. ஆனால் அவர்மேல் எனக்கிருந்த மயக்கத்தில் பாதி, இசையைவிடக் கதையினால் வந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். 1936இல் சோவியத் கட்சிப் பத்திரிகையான பிராவ்தா அவருடைய ஓபராவைக் கிழித்தது, பயந்துபோய் நான்காவது சிம்பொனியை அவரே நிறுத்திவைத்தது, அது 1961வரை மேடையேறாமல் கிடந்தது, ஜெர்மன் படையின் முற்றுகைக்குள் பட்டினி கிடந்த லெனின்கிராடில் 1942 ஆகஸ்ட் 9 அன்று ஏழாவது சிம்பொனியை வாசித்தது. இதையெல்லாம் படித்துவிட்டு உட்கார்ந்தால் எதைக் கேட்டாலும் கண்ணீர் வரும். கதை தெரியாத ஒருவருக்கு அதே ஏழாவதின் முதல் பகுதியைப் போட்டுக் காட்டினேன், என் மனைவிக்குத்தான். பக்கத்தில் டிரம் தட்டிக்கொண்டே இருக்க, ஓர் அற்ப மெட்டு திரும்பத் திரும்ப வந்து பெருத்துக்கொண்டே போகும் இடம். ‘ஏங்க, இது மாறவே மாறாதா?’ என்றாள். வேண்டுமென்றுதான் அப்படி எழுதியிருக்கிறார், படை வருகிறது என்றெல்லாம் சொன்னேன். ‘சொன்னாத்தானே தெரியுது’ என்று எழுந்து போய்விட்டாள்.

அவளுக்கு ஐந்தாவது சிம்பொனியின் மெதுவான பகுதியைப் போட்டிருக்க வேண்டும். அதில் பித்தளை வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. வயலின்களையே மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறார். 1937இல் முதல் நிகழ்ச்சியின்போது அரங்கிலேயே பலர் அழுதார்கள் என்பார்கள். எனக்கு அது நம்பக்கூடியதாகவே இருக்கிறது, ஏனென்றால் அதற்குக் கதை தேவையில்லை. சுத்தமான உருக்கம் அது. சாய்கோவ்ஸ்கி செய்தால் சர்க்கரை, இவர் செய்தால் காவியமா?

ஸ்ட்ராவின்ஸ்கியிடம் எனக்கு மரியாதை உண்டு. அவருடைய ‘வசந்தச் சடங்கு’ பாலேயின் தொடக்கத்தில் பசூன் என்ற ஊதுவாத்தியம் தன் உச்சக் குரலில் முனகுவதைக் கேட்டு மிரளாதவர் கிடையாது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு நானாக அவரைத் தேடிப் போனதில்லை. புரோகோஃபியேவ் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, குற்றம் என் பக்கமாக இருக்கலாம்.

முசோர்க்ஸ்கி மட்டும் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார். அரசாங்க உத்தியோகம், குடி, 42 வயதில் சாவு. அவர் எழுதியதைக் கரடுமுரடு என்று நினைத்து, நல்ல எண்ணத்தோடுதான், நண்பர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் இழைத்துத் திருத்தினார். செத்துப்போன ஓவிய நண்பர் ஹார்ட்மனின் கண்காட்சியை வைத்து 1874இல் முசோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதிய ‘கண்காட்சிப் படங்கள்’ என்ற படைப்பில் பெரிய சக்கரம் வைத்த ஒரு போலந்து மாட்டு வண்டி வரும். ரிம்ஸ்கி பதிப்பில் வண்டி எங்கோ தூரத்தில் மெல்லத் தொடங்கி, பக்கத்தில் வந்து, பிறகு கடந்துபோகிறது. அந்தப் பதிப்பை வைத்து பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1922இல் செய்த ஆர்கெஸ்ட்ரா வடிவத்திலும் அப்படித்தான், நானும் பல வருடம் அதைத்தான் அழகு என்று கேட்டேன். முசோர்க்ஸ்கி கைப்பட எழுதியதில் அப்படியெல்லாம் இல்லை. முதல் ஸ்வரத்திலேயே உச்ச சத்தம். வண்டி எடுத்த எடுப்பில் நம் மூக்குக்கு முன்னால், மாட்டின் மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் நிற்கிறது. பியானோவில் யாராவது அப்படியே வாசித்த பதிவு கிடைத்தால் இன்றைக்கே கேளுங்கள்.