எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டால் நடுநிலை நிற்காது

கன்னியாகுமரி மாவட்டத்தில் இயங்கும் எங்கள் தன்னார்வக் குழுவின் அடுத்த மூன்று ஆண்டு வேலைத்திட்டம் பற்றி இந்த வாரம் பேச்சு நடக்கிறது. வாக்காளர் பட்டியல், கிராம சபை, சாலைப் பள்ளம், குளம் தூர்வாருதல், கடற்கரைக் கனிம மணல் சுரங்கம், துறைமுகம், போதை ஒழிப்பு, வேட்பாளர் விவாத மேடை என்று பட்டியல் நீள்கிறது. எதையும் வேண்டாத வேலை என்று தள்ள முடியாது. ஆனால் அத்தனையையும் எடுத்துக்கொண்டால், "எந்தக் கட்சியையும் சாராதவர்கள்" என்ற வரியை நம் பதாகையிலிருந்து அழித்துவிட வேண்டியதுதான்.

நமக்கு இருப்பது சில பேரும் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளும். இருபது வேலையை ஏற்றால் ஐந்தைத்தான் முடிப்போம். எந்த ஐந்து என்பதை யார் முடிவு செய்வார்கள்? யார் அடிக்கடி தொலைபேசியில் அழைக்கிறாரோ, யார் நமக்கு வேண்டியவரோ, அவர்தான். ஒரு கட்சி கவுன்சிலரின் வார்டில் கிடக்கும் குப்பையைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வார்டை விட்டுவிட்டால், நம் மனதில் கள்ளம் இல்லை என்பதை எவரிடம் நிரூபிப்பது? வேலையைக் குறைப்பதை நான் சோர்வாகப் பார்க்கவில்லை. நடுநிலைக்குக் காவல் அதுதான்.

வேறு மாவட்டத்தில் இது இவ்வளவு கூர்மையாக இருக்குமா என்று தெரியவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சரிபாதி. தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டமும் இதுதான். காங்கிரஸ், பாரதிய ஜனதா, திமுக, மார்க்சிஸ்ட் என எல்லாருக்கும் வேர் உண்டு. 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்தின் வடு முற்றிலும் ஆறிவிடவில்லை. ஆலய அரங்கில் கூட்டம் போட்டால் ஒரு பொருள், சமுதாய மண்டபத்தில் போட்டால் இன்னொரு பொருள். வாடகை கொடுத்தாவது பள்ளி வளாகத்திலோ பொது நூலகத்திலோ கூட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இரண்டு வேலைகள் போதும் என்பது என் கருத்து. முதலாவது வாக்காளர் பட்டியல். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் டிசம்பர் 19 அன்று வெளியான வரைவில், மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் நீங்க வேண்டியதுதான். ஆனால் நம் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அப்பால் உள்ள காணி பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் படகில்தான் போக வேண்டியிருக்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வரும் நாளில் இவர்கள் எல்லாரும் வாசலில் நிற்கப் போவதில்லை.

இந்த வேலையிலும் சந்தேகம் வராமல் இருக்காது. கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பக் கைகொடுத்தால் திருத்தத்தை ஆதரிப்பதாக ஒரு தரப்பு சொல்லும். விடுபட்ட பெயரைச் சேர்க்கப் போனால் எதிர்ப்பதாக மறுதரப்பு சொல்லும். அதற்குப் பதில் நம் நடைமுறையில் இருக்க வேண்டும். ஒரு வாக்குச்சாவடியை எடுத்தால் அதன் எல்லாத் தெருக்களுக்கும் போக வேண்டும். சேர்ப்பதற்கான படிவம் 6, திருத்தத்துக்கும் இடமாற்றத்துக்குமான படிவம் 8, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 6ஏ ஆகியவற்றில் உதவலாம். நீக்கக் கோரும் படிவம் 7-ஐ, இறந்தவரின் குடும்பமே கேட்டால் ஒழிய, நாம் தொடவே கூடாது. இன்னொருவரின் பெயரை நீக்கச் சொல்லும் தாளில் நம் குழுவின் கை பட்டுவிட்டால், பிறகு எந்த வீடும் நமக்குக் கதவைத் திறக்காது. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்பது 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்லூரி வாசல்களில் இது இன்னும் புதுச் செய்திதான்.

இரண்டாவது கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். நவம்பர் 1 அதில் ஒன்று. அது உள்ளாட்சி தினம், 1956-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளும் கூட. 10,000 பேருக்கு மேல் உள்ள ஊராட்சியில் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நம் ஊராட்சிகள் பெரியவை. வந்தவர்கள் எத்தனை, கையொப்பம் எத்தனை என்று எண்ணிப் பார்க்க எவரும் இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோது, கேள்வி கேட்க மக்களுக்கு எஞ்சிய இடம் அந்தச் சபைதான். வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கவும், தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வைக்கவும் நாம் பழக்கிக் கொடுக்கலாம். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் இந்தக் களம் நமக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

"அப்படியானால் கனிம மணல் விஷயத்தில் வாய்மூடி இருப்பதா?" என்று ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி, கோபமும் நியாயமே. அமெரிக்காவில் 1920-இல் தொடங்கிய பெண் வாக்காளர் கழகம் எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை. ஆனால் ஒரு பிரச்சினையைப் படித்து, உறுப்பினர்கள் கூடிப் பேசி ஒத்த கருத்துக்கு வந்தபின் நிலைப்பாடு எடுக்கிறது. அந்த உழைப்புக்கான ஆள்பலம் நமக்கு இன்று இல்லை. இருக்கிற பலத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். கிள்ளியூர் வட்டாரத்தில் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2024-இல் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்த மணலில் கிடைப்பவை உட்பட அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று விலக்களித்தது. சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் சொல்லட்டும். அவர்களைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள் என்று நாம் உரக்கச் சொல்வோம். எந்தக் கட்சி ஆண்டாலும் இதையே சொல்வோம் என்பதுதான் நம் அளவுகோல். உறுப்பினர்கள் தனி மனிதர்களாகப் போராட்டப் பந்தலில் போய் உட்காரட்டும், குழுவின் சட்டையை அணியாமல்.

வேட்பாளர் விவாத மேடையை இப்போதைக்கு விட்டுவிடலாம். எல்லாரும் வராத மேடை, வந்தவரின் மேடையாகிவிடும். வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை ஒரே அட்டவணையில், ஒரே எழுத்தளவில், அடைமொழி இல்லாமல் போட்டாலே போதும்.

கூட்டத்தில் இன்னொன்றையும் எழுத்தில் கேட்கப் போகிறேன். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் நம் நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது. விலகி வந்தவர் இரண்டு ஆண்டு பொறுத்திருக்க வேண்டும். தேர்தலில் நிற்க நினைப்பவர் அதைச் சொல்லிவிட்டு அன்றே பொறுப்பை விட வேண்டும். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே இங்கே எழுதுங்கள், படித்துவிட்டு வருகிறேன்.