பூ எடுத்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு மூளை குறைவா?

போன வாரம் மேலூரில் ஒரு காதுகுத்து. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா ஒருவர், சிங்கப்பூருக்குப் போய் இரண்டு வருடமான தன் பேத்தி இப்போது எவ்வளவு நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "அந்த ஊருப் பிள்ளைக மூளையே வேறம்மா, நம்ம பிள்ளைக எங்க" என்று முடித்தார். விசேஷ வீட்டில் எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பேத்தியும் நம்ம மேலூர்ப் பிள்ளைதானே? இரண்டு வருடத்தில் மூளையா மாறியது?

15 வயதுப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் நடத்தும் பிசா தேர்வை 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் எழுதின. கணக்கில் ஷாங்காய்க்கு 600 புள்ளி, நமக்கு 351. எழுபத்து நான்கு இடங்களில் நமக்குக் கீழே இரண்டே இரண்டு. அதற்கப்புறம் இந்தியா அந்தத் தேர்வை எழுதவே இல்லை. எனக்கு இன்றைக்கும் வருத்தம் அதில்தான், வாங்கிய மதிப்பெண்ணில்கூட இல்லை.

பணம்தான் காரணம் என்பார்கள். 2012-இல் வியட்நாம் கணக்கில் 511 எடுத்தது, அமெரிக்கா 481. சரி, வியட்நாமில் அப்போது 15 வயதுப் பிள்ளைகளில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் அந்தத் தேர்வின் வரம்புக்குள்ளேயே வந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் வந்தவர்கள் எல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இல்லை. ரத்தம், பரம்பரை என்று பேசுகிறவர்கள் பின்லாந்தைப் பார்க்கட்டும்: 2003-இல் 544, 2022-இல் 484. அதே ஊர், அதே மக்கள்.

இரண்டு வருடம் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வருவான். விடியற்காலையில் அம்மாவோடு மல்லிகை எடுத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவான். மூன்றே கால் கிலோ பூவுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டால் விரல்கூட மடக்காமல் சொல்வான், மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் அன்றைக்கு விலை ஏறினால் எவ்வளவு கூடும் என்பதும் தெரியும். அதே கணக்கைத் தாளில் நான்கு வரியாக எழுதிக் கொடுத்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை, வாசிக்க வரவில்லை. ஏழு வருடமாக வகுப்பு மாறிக்கொண்டே வந்திருக்கிறான், ஒருவரும் அவனை நிறுத்தி "இந்த வரியை வாசி தம்பி" என்று கேட்கவில்லை. எழுத்துக் கூட்டி ஆரம்பித்து, கேள்வியைத் தானாக வாசித்துப் புரிந்துகொள்ள அவனுக்கு நான்கு மாதம்தான் ஆனது.

என் கருத்து இதுதான், தப்பென்றால் சொல்லுங்கள். நாடுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு, பின்தங்கும் பிள்ளையை யார் எப்போது கவனிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. சிங்கப்பூரில் முதல் வகுப்புத் தொடக்கத்திலேயே வாசிப்பைச் சோதித்து, வராத பிள்ளைகளைச் சிறு குழுவாகத் தனியே உட்காரவைத்துச் சொல்லித் தருகிறார்கள். பின்லாந்தில் அதற்கென்று தனி ஆசிரியர் பள்ளிக்குள்ளேயே இருக்கிறார். இங்கே அந்த வேலை வீட்டுக்கும் டியூஷனுக்கும் போய்விட்டது. பூ எடுக்கப் போகிற அம்மா எந்த நேரத்தில் சொல்லித் தருவார்?

நம்மால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. பசியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நாம் பல நாடுகளுக்கு முன்னாடியே புரிந்துகொண்டவர்கள். அதே அக்கறை வாசிப்புக்கும் வேண்டும், அதுவும் முதல் மூன்று வகுப்புக்குள். நான் சொல்லிக்கொடுத்த ஊரின் தொடக்கப்பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்குப் போகிற நாளில் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். முதலில் அங்கே மூன்றாவதாக ஒருவரைப் போடுங்கள்.