மேடையில் அவள் பேசியது தமிழ் அல்ல

சென்ற வெள்ளிக்கிழமை, தென்னாப்பிரிக்காவில் நான் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு நாடகம் பார்த்தேன். ஆங்கிலேயரின் நேட்டால் காலனி அரசு இங்கே டவுன் ஹில் என்ற மலையில் கட்டிய மனநல மருத்துவமனையின் வரலாறுதான் கதை. நாடகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நடித்தவர்கள் எல்லாரும் இளம்பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதியவர் மேல் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1868-இல் பைத்தியக்காரர்களைக் காவலில் வைக்கச் சட்டம் கொண்டுவந்ததையும், 1880-இல் மலைச்சரிவில் கட்டடம் எழுந்ததையும், வெள்ளையருக்கு ஓர் இடம் மற்றவருக்கு ஓர் இடம் என்று பிரித்ததையும் சலிப்புத் தட்டாமல் காட்டினார்கள். சூலு நோயாளியாக வந்த இளைஞன் பேசியது அசல் சூலு. எனக்குப் பின்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் அவன் கேட்ட கேள்விக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார். நாடகம் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

அதன் பிறகு நம் பெண் வந்தாள். கரும்புத் தோட்டத்திலிருந்து இழுத்துவரப்பட்ட ஒப்பந்தக் கூலி. விரித்த தலை, வெறுங்கால், முழங்கைவரை அழுக்கு. முந்தானையைச் சுருட்டிக் குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தாள். வாயைத் திறந்தாள். ஒரு சொல்லாவது பிடிபடுமா என்று முன்னால் சாய்ந்து கேட்டேன். காது மந்தமாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். இல்லை. அது தமிழே அல்ல. தெலுங்கும் அல்ல. 'டகர டகர' என்று ஏதோ ஓசை. அரங்கில் சிலர் சிரித்தார்கள்.

இடைவேளையில் தேநீர் வாங்கும் வரிசையில் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டேன். "அங்கிள், தமிழ் மாதிரி ஏதாவது சத்தம் போடு, யாருக்கும் புரியப்போவதில்லை என்று சொன்னார்கள்" என்றாள். அவளும் நம் வீட்டுப் பெண்தான், ஐந்தாம் தலைமுறையோ ஆறாம் தலைமுறையோ. வெட்கப்பட்டாள். அவள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு வந்தார்கள். பெரும்பாலானோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். ஆணுக்கு முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. தோட்டத்தை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும். கூலிகளின் தற்கொலைகளைப் பற்றிக் காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை எழுதும் அளவுக்கு நிலைமை இருந்தது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருத்தியை மலைக்குக் கொண்டுபோகிறார்கள். மருத்துவர் காதில் விழுவது தமிழ், குறிப்பேட்டில் ஏறுவது ஆங்கிலம். நடுவில் எவ்வளவு கொட்டிப்போயிருக்கும்? 'எனக்குப் பசிக்கிறது' என்று அவள் சொன்னதுகூடப் பிதற்றலாகப் பதிவாகியிருக்கலாம். இதுதான் நாடகத்தின் உயிர்நிலை. அதை மேடையில் காட்ட வேண்டியவர்கள் அதையே திரும்பவும் செய்துவிட்டார்கள். அன்றைய மருத்துவருக்காவது மொழி தெரியாது என்ற சாக்கு இருந்தது. இன்று தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடி நேரே கோயிலுக்குப் போயிருக்கலாமே!

இன்னொரு காட்சியில் அவள் வேப்பிலையைக் கையில் பிடித்து ஆடுகிறாள். உடனே இரண்டு காவலர்கள் அமுக்குகிறார்கள். நல்ல காட்சிதான். புனித வெள்ளியன்று இதே ஊர் மாரியம்மன் கோயிலில் தீ மிதிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அதன் வலி தெரியும். அருள் வந்தவளைச் சுற்றி நின்று நாம் மஞ்சள் நீர் ஊற்றுகிறோம், குறி கேட்கிறோம். அங்கே கட்டிப்போடுகிறார்கள். ஆனால் அம்மன் பெயரையாவது அவள் சொல்லியிருக்கலாம். அதற்கும் 'டகர டகர' தான்.

நாடகம் முழுவதும் அவளுக்குப் பெயர் 'மேரி'. அந்தக் காலத்து வெள்ளையருக்கு நம் ஆண்கள் எல்லாரும் 'சாமி', பெண்கள் எல்லாரும் 'மேரி' என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கப்பல் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, உடலில் உள்ள தழும்புவரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் புரட்டியிருந்தால் ஒரு முனியம்மாவோ பொன்னம்மாவோ கிடைத்திருப்பாள், அவள் ஊரோடு.

கடைசிக் காட்சி, லைஃப் எசிடிமெனி என்ற மனநலக் காப்பு நிறுவனத்தின் நோயாளிகளுக்கு நேர்ந்தது. 2016-இல் கௌதெங் மாகாணத்தில் நோயாளிகளை மருத்துவமனையிலிருந்து கிளப்பி, தகுதியில்லாத இல்லங்களுக்குத் பக்கி என்னும் திறந்த சிறு சரக்கு வண்டிகளில்கூட ஏற்றி அனுப்பினார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. 144 பேர் இறந்தார்கள். நடிகர்கள் கையில் மருத்துவக் கோப்பு இல்லாமல் வரிசையாக நின்றார்கள், அவ்வளவுதான். அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. இதை யோசிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பெண்ணை நிஜத் தமிழ் பேசவைக்க ஏன் தோன்றவில்லை என்றுதான் ஆதங்கம்.

புறப்படும்போது அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, டிக்கெட்டின் பின்புறம் ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: 'என் பிள்ளை எங்கே?' முந்தானையை அணைத்துக்கொண்டு இதை மட்டும் சொல், போதும் என்றேன். மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். 'ள்' வரவில்லை, பரவாயில்லை.

அப்புறம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "பிள்ளை என்பது சர்நேம்தானே, அங்கிள்?"